முத்துமாலைக்காரிக்காக ஒரு ஜெபம்

கொரியாக்காரர்கள் நாடகத்தைப் பற்றி எனக்கு முதன்முதலில் சொன்னது என் மகள் ஷைனிதான்மா. போன வருஷம் அக்டோபர் மழையில், சர்ச் படியில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு நான் கிடந்தபோது. என்னைப் பார்த்துக்கொள்ள சாத்தூரிலிருந்து வந்திருந்தாள். "எம்மா, சும்மா கெடந்து மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு இதைப் பாரு. அழுகையும் வரும், சிரிப்பும் வரும். நம்ம சீரியல் மாதிரி பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இழுக்க மாட்டான், பதினாறு எபிசோடுல முடிச்சிருவான்" என்றாள்.

அதனால்தான் உன் போனில் அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் பேச்சுக் கொடுத்தேன், தப்பாக நினைக்காதே. நூடுல்ஸ் கடைப் பிள்ளைதானே அது? நெற்றியில் முடியை வெட்டி விட்டிருக்குமே. பேரெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. நான் நூடுல்ஸ் கடைப் பிள்ளை என்றுதான் சொல்வேன். வாரத்துக்கு ஒன்றாகப் பதினைந்து வரைக்கும் பார்த்துவிட்டேன். நீ முழுசும் பார்த்தாச்சா? பார்த்துவிட்டு மறுபடியும் பார்க்கிறாயா? நல்லது. காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுப் பேசுகிறாய் பாரு, வளர்ப்பு அது. காலைக் கொஞ்சம் நகட்டி வை, கீழே என் பை இருக்கிறது. உள்ளே பழம்.

இந்த ரயிலில் கோயம்புத்தூர் வரைக்குமா? நானும் அங்கேதான். மகனைப் பார்க்க. சும்மாதான்.

முதல் இரண்டு நாள் எனக்கு எல்லா முகமும் ஒன்றாகத்தான் தெரிந்தது. யார் அண்ணன், யார் மாப்பிள்ளை என்று ஷைனியிடம் கேட்டுக்கொண்டே இருப்பேன். "எம்மா, அது ரெண்டும் வேற வேற ஆளு, இவன் நல்லவன், அவன் பணக்காரன்" என்பாள். அப்புறம் பழகிவிட்டது. எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது எதனால் தெரியுமா? வீட்டுக்குள் செருப்புப் போட மாட்டார்கள். பெரியவர்களைக் கண்டால் இடுப்பு வளைத்துக் கும்பிடுவார்கள். சோறு தின்பார்கள். "சாப்பிட்டியா" என்றுதான் முதலில் கேட்பார்கள். பாதிப் பேர் சர்ச்சுக்கும் போவார்களாம். அந்தப் பச்சை பாட்டில் சாராயத்தை மட்டும் குடிக்காமல் இருந்தால் நம் சபையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். எட்டாவது எபிசோடில் முத்தம் வரும். நான் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொள்வேன். திறந்து பார்த்தால் மழை பெய்துகொண்டிருக்கும், அவள் குடையோடு போய்க்கொண்டிருப்பாள்.

ஒன்றுதான் எனக்குத் தாங்காது. நூடுல்ஸ் கடைப் பிள்ளையைக் காதலிக்கிற பையனுடைய அம்மா. கழுத்தில் முத்துமாலை போட்டிருப்பாளே, அவள். நான் முத்துமாலைக்காரி என்பேன். உதட்டைத் திறக்காமலே பேசுவாள். நூடுல்ஸ் கடைப் பிள்ளையை ஒரு பெரிய காபிக் கடைக்கு வரச்சொல்லி, எதிரில் உட்காரவைத்து, ஒரு கவரைத் தள்ளுவாளே மேசையில். இதை எடுத்துக்கொண்டு என் மகனை விட்டுப் போ என்று. அந்தப் பிள்ளை கவரைத் தொடவில்லை என்றதும் தம்ளர் தண்ணீரை எடுத்து மூஞ்சியில் விசிறினாள் பாரு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைம்மா அது. தாய்க்காரி நின்ற நிலையில் உழைக்கிறவள். அப்படி ஒரு பிள்ளையின் மேல் தண்ணீரை ஊற்ற ஒரு பொம்பளைக்கு எப்படிக் கை வரும்? அதுவும் ஒரு தாய்க்கு?

ஷைனி ஒரு நாள் சொன்னாள், "எம்மா, அந்த அம்மா சாயல்ல நீயும் இருக்க, கவனிச்சியா?" நான் எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவள் மூக்கு எங்கே, என் மூக்கு எங்கே. கொண்டை வேண்டுமானால் கொஞ்சம் ஒத்துப்போகும்.

கட்டுப் பிரித்து, நான் நடக்க ஆரம்பித்தபோது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சாப்பாடு முடிந்த கையோடு என் மகன் ரூபன் வாயைத் திறந்தான். எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுகிற ஹெப்சி என்ற பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறானாம். அவள் நர்ஸ் படித்துவிட்டு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தாள். நல்ல பிள்ளைதான், நான் குறை சொல்ல மாட்டேன். குரல் அப்படியே மணி. தகப்பன் சின்ன வயதில் தவறிவிட்டான். தாய் கிருபை, எங்கள் ஊர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் சாயங்காலம் பஜ்ஜி வண்டி போடுகிறவள்.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறதும்மா, சிரிக்காதே. அது வேறு, இது வேறு. நூடுல்ஸ் கடை என்றால் கடை. மேசை, நாற்காலி, கண்ணாடிக் கதவு எல்லாம் இருக்கிறது. இது தள்ளுவண்டி. அதோடு நாங்கள் ஜாதி பார்க்கிறவர்களும் இல்லை. சபையில் எல்லோரும் ஒன்றுதான். அசன விருந்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். கிருபை கை பஜ்ஜியை நான் எத்தனை நாள் வாங்கித் தின்றிருக்கிறேன். கல்யாணம் என்பது வேறு.

ஆனால் நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முத்துமாலைக்காரி மாதிரி கத்தவில்லை, மயங்கி விழவில்லை, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுக்கவில்லை. "ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன் மக்கா" என்றேன். அவ்வளவுதான்.

ரூபன் முகம் செத்துவிட்டது. "எம்மா, போன தடவை நீ ஜெபிச்சிட்டுச் சொல்லுதேன்னு சொன்னது நான் பைக் வாங்கணும்னு கேட்டப்போ. இன்னும் ஜெபிச்சிட்டுத்தான் இருக்க" என்றான்.

என் வீட்டுக்காரர் ஆசீர், வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே சார் என்கிறது, நானும் சார் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கேக்கைத் தின்றுகொண்டே, "ஆண்டவருக்கு லைன் கிடைக்க மாட்டேங்கு போல" என்றார். அவர் பேச்சே அப்படித்தான், அதைப் பெரிசுபடுத்தக் கூடாது.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் சர்ச்சில் வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஜெபம் நடக்கும். பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்காருவோம். ஒவ்வொருத்தியும் தன் தன் ஜெப விண்ணப்பத்தைச் சொல்ல வேண்டும். மகளுக்குப் பிள்ளை இல்லை, மருமகன் குடிக்கிறான், இப்படி. சொன்னதும் எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஜெபிப்போம். வெளியே சொல்ல முடியாத காரியம் என்றால், "பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரிக்காக" என்று சொன்னால் போதும், யாரும் தோண்டிக் கேட்க மாட்டார்கள். அது ஒரு ஒழுங்கு.

அந்த வாரம் எனக்கு மனசே சரியில்லை. நூடுல்ஸ் கடைப் பிள்ளை ரோட்டு நடுவில் நின்று யோசித்து, லாரி அடித்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. முத்துமாலைக்காரி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். நடிப்புத்தான், எனக்குத் தெரியாதா. ஆனாலும் அந்த நாட்டில் நிஜமாகவும் அப்படி ஒரு பிள்ளை எங்கேயாவது இருக்குமில்லையா? ஒரு ஜெபம் வீணாகவா போய்விடும்? சீரியல் பார்க்காதீர்கள் என்று பாஸ்டர் போன மாதம்தான் பிரசங்கம் பண்ணியிருந்தார். அதனால் நாடகம் என்று நான் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"பேர் சொல்ல விரும்பாத ஒரு பிள்ளைக்காக ஜெபிக்கணும். தகப்பன் இல்லாத பிள்ளை. தாய் சாப்பாட்டு வியாபாரம் பண்ணி ஆளாக்கிருக்கா. ஒரு வசதியான வீட்டுப் பையன் ஆசைப்படுதான். பையனோட அம்மா ரெண்டு பேரையும் பிரிக்கப் பாக்கா. அந்த அம்மா மனசை ஆண்டவர் மாத்தணும்" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பாஸ்டரின் மனைவியை நாங்கள் பாஸ்டர் அம்மா என்போம், அவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆச்சரியம், இவர்களும் அந்த நாடகத்தைப் பார்க்கிறார்களோ என்று. அப்புறம் ஜெபித்தார்கள் பாரு. அப்படி ஒரு ஜெபத்தை அந்தச் சர்ச்சில் நான் கேட்டதில்லை. "அந்தத் தாயோட பெருமையை ஒடையும் ஆண்டவரே, கல்லாக் கெடக்க மனசைக் கரையும் ஆண்டவரே" என்று ஒருத்தி தரையில் அடிக்கிறாள். நான் எல்லோருக்கும் மேலே சத்தமாக ஆமென் சொன்னேன். கிருபை எப்போதும் வாசல் பக்கம்தான் உட்காருவாள், வண்டி போடப் போக வேண்டும் என்று. அன்றைக்கு அவள் போகவே இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே. நான் நினைத்தேன், பாவம், இவளும் கடைக்காரிதானே, ஒரு கடைக்காரியின் கஷ்டம் இன்னொரு கடைக்காரிக்குத்தான் தெரியும் என்று.

முடிந்ததும் பாஸ்டர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "பியூலா, இப்படிச் சொல்ல எவ்வளவு தாழ்மை வேணும்" என்றார்கள். நான், "எல்லாம் ஆண்டவர் கொடுத்ததும்மா" என்றேன். என்ன தாழ்மை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் கிருபை. நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் ஒரு சீப்பு மட்டிப்பழம், ஒரு பொட்டலம் சீனி. உன் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கம் ஒரு சம்பந்தத்துக்கு இந்த வீட்டில் சம்மதம் என்று தெரிந்தால், அந்த வீட்டார் தட்டில் பழமும் சீனியும் கொண்டுவருவார்கள்.

"என்ன கிருபை, தட்டும் பழமுமா? ஹெப்சிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிட்டா?" என்றேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலியில்தான் உட்காரவைத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

"இல்லக்கா. நேத்து எங்க பிள்ளைக்காக நீங்க அத்தனை பேரு முன்னால வாயத் தொறந்து கேட்டியள்ல. மனசு நெறைஞ்சி போச்சு. ராத்திரி பூரா ஹெப்சியும் நானும் அழுதோம். அதான், நீங்க வாறதுக்கு முன்னால நானே வந்துட்டேன்."

சார் ஓரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் மெல்ல மேலே ஏறி முகத்தை மறைத்துவிட்டது.

ஒருத்தியைத் தப்பான நினைப்பிலேயே திரும்ப அனுப்புவதும் பாவமில்லையா? அதனால் உள்ளதைச் சொன்னேன். "கிருபை, அது ஹெப்சி இல்ல. அது கொரியால ஒரு பிள்ளை. நூடுல்ஸ் கடை வச்சிருக்கு" என்று ஆரம்பித்து, அவளுக்குக் கதை தெரியாது பாரு, முதல் எபிசோடிலிருந்து பொறுமையாகச் சொன்னேன். முத்துமாலைக்காரி, கவர், தண்ணீர், லாரி, ஒன்றையும் விடவில்லை. அவளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டாள்.

கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்கு அந்தப் பிள்ளைட்ட என்னக்கா கொறை?" என்றாள்.

"கொறை என்ன கொறை. பணத் திமிரு. கடைக்காரி மகதானேங்கிற எளக்காரம். வேற என்ன" என்றேன்.

"ஆமாக்கா" என்றாள். எழுந்தாள். "அந்தப் பிள்ளைக்கு நானும் அழுது ஜெபிச்சிட்டேன். பரவாயில்ல. யாரு பெத்த பிள்ளையா இருந்தா என்ன, நல்லா இருக்கட்டும்" என்றாள். தட்டை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். "தட்டை எடுத்துக்க கிருபை" என்று பின்னாலேயே போனேன். நான் நடை இறங்குவதற்குள் தெரு முனைக்குப் போய்விட்டாள். வேகமாக நடக்கிறவள்.

சார் பேப்பரை மடித்து வைத்தார். "ஏளா, கொரியாவுக்குப் போற வழியில நம்ம வாசல்லயும் ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போயிருக்கலாம்" என்றார். பழத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். நானோ சாரோ அதைத் தின்றால் சம்மதம் என்று ஆகிவிடும் பாரு. சீனியை மட்டும் டப்பாவில் போட்டேன். எறும்பு வந்துவிடுமே.

இனி தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. சபையில் நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத்தானே கெட்ட பேர்? அவள் நல்லதுக்காகத்தான், நான் ஹெப்சியை மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரிக்கு வரச்சொன்னேன். ஏசி உள்ளதுதான். நானே காசு கொடுத்து ஆப்பிள் ஜூஸும் கிரீம் பன்னும் வாங்கி வைத்தேன். கவர் எல்லாம் கொடுக்கவில்லை, சீ, நான் அப்படிப்பட்டவளா? ஒரு சேலைதான் கொடுத்தேன். இளம்பச்சை, நல்ல சேலை. அதோடு என் சித்தி மகன் கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மேனேஜராக இருக்கிறான், அவனிடம் சொல்லி அவளுக்கு ஒரு வேலையும் கேட்டு வைத்திருந்தேன். ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் உண்டு. இப்போது வாங்குகிறதைப் போல இரண்டு பங்கு சம்பளம். எந்த மாமியார் செய்வாள் இப்படி? மாமியார் என்று சொல்லக் கூடாது, வாய் தவறி வந்துவிட்டது.

"ஹெப்சி, நீ என் மக மாதிரி. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். கொஞ்ச நாள் தூரமா இருந்தா ரெண்டு பேருக்கும் மனசு தெளிஞ்சிரும்" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே இந்தப் பிள்ளைக்கு நல்ல வழியைக் காட்டும், நல்ல இடத்தில் அமர்த்தும் என்று மனசு உருகி ஜெபித்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவள் கண்ணை மூடவே இல்லை போல. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போறேன் ஆன்ட்டி. வேலை எனக்கு வேணும், அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணும். சேலை வேண்டாம்" என்றாள். அப்புறம், "ரூபன்ட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று கேட்டாள்.

"நீயே சொல்லிரும்மா. நான் சொன்னா அவன் தப்பா எடுத்துக்கிடுவான்."

சரி என்றாள். ஜூஸைத் தொடவே இல்லை. வீணாக்கக் கூடாது என்று நான்தான் குடித்தேன். பன்னைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். பார், எவ்வளவு அமைதியாக முடிந்தது. ஒரு சத்தம் இல்லை, பக்கத்து மேசைக்காரன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த முத்துமாலைக்காரிக்கு இப்படிப் பக்குவமாகப் பேசத் தெரிந்திருந்தால் அந்த நாடகமே எட்டு எபிசோடில் முடிந்திருக்கும்.

அன்றைக்கு ரூபன் வேலையிலிருந்து வந்தவன் சட்டையைக் கூட மாற்றவில்லை. அடுக்களை வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தான். "எம்மா, தண்ணி ஒண்ணுதான் நீ ஊத்தல" என்றான். போய்விட்டான். ஆக, நான் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். அதை நான் சாரிடமும் சொன்னேன்.

ஹெப்சி கோயம்புத்தூர் போனாள். கொஞ்ச நாளில் ரூபனும் கம்பெனியில் கேட்டுக் கோயம்புத்தூருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். என் சித்தி மகன் போன் பண்ணி, "யக்கா, நல்ல பிள்ளையா அனுப்பி வச்சிருக்க, எல்லா டாக்டரும் மெச்சுதாங்க, உன் மகன் தெனமும் வந்து கூட்டிட்டுப் போறான்" என்றான். என்னத்தைச் சொல்ல.

போன் பண்ணினால் ரூபன் எடுப்பதில்லை. வேலை அதிகம். நான் காலையில் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பான், சாயங்காலம் கூப்பிட்டால் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். ஷைனி கூப்பிட்டால் எடுத்துவிடுகிறான், அவள் கூப்பிடுகிற நேரம் அப்படி. இந்த நாடகம் பார்க்கிற கணக்கு இருக்கிறதே, அது ரூபன் மாதாமாதம் பணம் கட்டுகிறது. வீட்டில் ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொம்மை முகம் இருக்கும் அதில். என்னுடையது சிரிக்கிற முகம், அதன் கீழே அம்மா என்று எழுதி வைத்திருந்தான். பாஸ்வேர்டு என் பிறந்த நாள். காலேஜ் படிக்கும்போதிருந்தே எல்லாவற்றுக்கும் என் பிறந்த நாளைத்தான் போடுவான். ஒரு நாள் திறந்தால், வெளியே தள்ளிவிட்டு, பாஸ்வேர்டு கேட்டது. என் பிறந்த நாளைப் போட்டேன். தவறு என்றது. மறுபடி போட்டேன். தவறு என்றது. என் பிறந்த நாள் எனக்குத் தெரியாதா? கம்பெனிக்காரர்கள் என்னத்தையோ மாற்றியிருக்கிறார்கள்.

அதனால்தான் பதினைந்தோடு நின்றுவிட்டது. நீ பார்த்திருப்பாயே, அந்தப் பதினைந்தின் கடைசியில், முத்துமாலைக்காரி காரை விட்டு இறங்கி அந்த நூடுல்ஸ் கடை வாசலில் நிற்பாள். உள்ளே தாயும் மகளும் மேசை துடைத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடிக் கதவில் கையை வைப்பாள். அப்புறம் எடுத்துவிடுவாள். திரும்பிக் காரில் ஏறிப் போய்விடுவாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம். உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் என்ன தேய்ந்துவிடும்? சிலபேருக்கு வாய் வராதும்மா. தொண்டை வரைக்கும் வரும், வாய்க்கு வராது. அது ஒரு வியாதி.

நானும்தான் ஒரு நாள் சாயங்காலம் கிருபை வண்டிக்குப் போனேன். தட்டைக் கொடுக்கத்தான். அடியில் அவள் பேர் வெட்டியிருக்கும் அதில், அவள் கல்யாணத் தட்டு. பள்ளிக்கூடம் விட்டு ஒரே கூட்டம். அவள் குனிந்து எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிவிட்டேன். கூட்டம் என்பதால்தான்.

நேற்றுக் காலையில் சார், அவிநாசியில் ஒரு பழைய சிநேகிதனுக்கு நெஞ்சுவலி, பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நெஞ்சுவலிக்காரனைப் பார்க்கப் போகிறவர் ஷைனி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மடித்துப் பெட்டியில் வைக்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, "அடுக்களை அலமாரியில அந்தத் தட்டு இன்னும் இருக்கா?" என்றார். இருக்கு என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை ஜெபமும் கிடையாது என்று செய்தி வந்தது. பாஸ்டர் அம்மா வெளியூராம். கிருபையும் வெளியூராம். எல்லோருமே வெளியூர். ஒரு வேன் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

கடைசியில் ஷைனிதான் கூப்பிட்டாள். "எம்மா, நாளைக்கு அண்ணனுக்குக் கல்யாணம். அங்கயே சர்ச்ல. உன்ட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கான். நான் சொல்லல, கேட்டியா?"

"கேக்கல" என்றேன்.

"பத்து மணிக்கு. அதையும் நான் சொல்லல" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஆக, அந்த வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது, பார்த்தாயா. நான் கேட்டது ஒரு பிள்ளைக்கு, கிடைத்தது இன்னொரு பிள்ளைக்கு. ஆண்டவருக்கு விலாசம் மாறிப்போயிற்று என்று சொல்ல முடியுமா.

இல்லைம்மா, நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கு எப்படிப் போவது? நான் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அடுத்த வீட்டுப் பாத்திரத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்வது? அந்தப் பையில் அதுதான் இருக்கிறது. பேப்பர் சுற்றி வைத்திருக்கிறேன். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் ஒரு சீப்பு மட்டிப்பழமும் ஒரு பொட்டலம் சீனியும் வைத்திருக்கிறேன். காலையில் மார்க்கெட்டில் நாலு கடை பார்த்து வாங்கினேன், ஒரு கன்றல் இல்லாமல். அவள் கொண்டுவந்ததும் அதுதானே. அதைத்தான் திருப்பிக் கொடுக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

இந்தச் சேலையா? இளம்பச்சை எனக்கு எடுப்பாக இல்லை, தெரியும். பெட்டியில் கிடந்து வீணாகப் போகிறதே என்று கட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு சர்ச்சில் இருப்பார்கள் எல்லோரும். தட்டைக் கொடுக்க வேண்டும் என்றால் அங்கேதானே போக வேண்டும்? வாசலில் நின்று கொடுத்துவிடலாம். ஆனால் பாடல் ஆரம்பித்துவிட்டால் வாசலில் நிற்பது மரியாதை இல்லை, உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். எங்கள் சர்ச் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா வலது பக்கம் முதல் வரிசையில் உட்காருவாள். அந்த இடத்தில் இப்போது யாரை உட்காரவைத்திருப்பார்களோ, தெரியாது. காலியாக விட்டிருந்தாலும் பார்க்க நன்றாக இருக்காது.

நீ தப்பாக நினைக்காவிட்டால் ஒன்று கேட்கிறேன். உன் போனைக் கேட்கவில்லை, நீ பாரு. கதையையும் சொல்ல வேண்டாம். அந்தப் பதினாறாவதில் நூடுல்ஸ் கடைப் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கும்தானே? முத்துமாலைக்காரி வந்தாளா? வந்திருந்தால் அவளை எந்த வரிசையில் உட்காரவைத்தார்கள்? அதை மட்டும் சொல்லும்மா.